செண்பகவல்லி வீட்டுச் சட்டம்

போபோடியில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிற சந்துக்குள் நுழைந்து செண்பகவல்லி வீடு எது என்று கேட்டால் ஒருவரும் வழி சொல்ல மாட்டார்கள். சம்பா தாயி, அதாவது சம்பா அக்கா, என்று கேட்டால் பால் வாங்கப் போகிற பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடும். சேலைக்கு ஃபால் வைத்து, ஓரம் அடித்து, ரவிக்கையும் தைத்துத் தருகிறவள். அக்கம்பக்கத்து மராத்திப் பெண்கள் சேலையை அவள் மடியில் போட்டுவிட்டு மாமியாரைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அவளும் மிஷினை மிதித்துக்கொண்டே மராத்தியில் சரிக்குச் சரி பேசுவாள். கோவில்பட்டிக்காரி என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவளுக்கு மராத்தி புரியாது என்று யாரும் அவளுக்குச் சலுகை காட்டிவிடக் கூடாது.

கல்யாணமாகி வந்த புதிதில் நிலைமை வேறு. கணவன் கோமதிநாயகம் கட்கியில் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். அவன் அப்பா காலத்திலேயே சங்கரன்கோவிலை விட்டு வந்த குடும்பம். பையன் நம்மூர்ப் பையன், தமிழ் பேசுகிற வீடு என்று நம்பித்தான் கழுத்தை நீட்டினாள். வந்த மறுநாள் காலையில் அவன் துண்டோடு நின்றுகொண்டு, "அந்தப் பால்டியக் கொஞ்சம் பாஜூல வை, ஜல்தி" என்றான். அவளுக்கு விளங்கியது "கொஞ்சம்" மட்டும்தான். வாளியைத்தான் அப்படிச் சொல்கிறான், தள்ளி வைக்கச் சொல்கிறான் என்று தெரிவதற்குள் பொறுமை போய் அவனே அதை எட்டி உதைத்து, காலில் அடிபட்டு, நொண்டிக்கொண்டு வேலைக்குப் போனான். தான் பெறப்போகிற பிள்ளைகள் இப்படிப் பேசக் கூடாது என்று செண்பகவல்லி அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டாள்.

சொன்னபடியே செய்தாள். பிரணவ் பிறந்தான், சில வருஷம் கழித்து வைஷு பிறந்தாள். வீட்டுக்கு ஒரு சட்டம் வந்தது. வாசல்படிக்கு வெளியே மராத்தியோ இந்தியோ ஆங்கிலமோ, எந்தக் குரங்குச் சேட்டையும் செய்துகொள்ளலாம். படி தாண்டி உள்ளே வந்தால் தமிழ். வேறு எதில் பேசினாலும் அம்மாவுக்குக் காது கேட்காது. "அம்மா, பாணி தே" என்று கேட்டால் அவள் பாட்டுக்குத் துணி வெட்டிக்கொண்டிருப்பாள். "அம்மா, தண்ணி தா" என்றால் உடனே நிமிர்ந்து, "அட, எம் புள்ள எப்ப வந்துச்சு?" என்று அதிசயப்படுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அது சட்டமாகவும் இருந்தது, விளையாட்டாகவும் இருந்தது. கோமதிநாயகமே அதற்குப் பயந்து மெல்ல மெல்லத் திருந்தி, வாளியை வாளி என்று சொல்லக் கற்றுக்கொண்டான்.

பலன் கிடைக்காமல் இல்லை. அந்த வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் மென்று முழுங்கிப் பேசும்போது இவள் பிள்ளைகள் மட்டும் கோவில்பட்டிச் சந்தையில் விட்டாலும் பிழைத்துக்கொள்ளும்படி பேசின. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் தமிழ் மன்றத்தார் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கியபோது, பாடம் நடத்த அவளையே கூப்பிட்டார்கள். மன்றத்துச் செயலாளர் அனந்தராமன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சாவித்ரி மாமி வாய் ஓயாமல் எல்லோரிடமும் செண்பகவல்லியின் பெருமையைப் பாடினாள். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன ஒரு தையல்காரியை டீச்சர் என்று ஊர் கூப்பிட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெருமை பொல்லாதது; அது உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு வீட்டுக்காரியையே வேலை வாங்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் சாவித்ரி மாமி ரவிக்கைத் துணியோடு வந்திருந்தாள். மன்றத்து ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. யார் பேசுவது, யார் பாடுவது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தபோது பிரணவ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். பன்னிரண்டு வயது. வந்தவன் பையைக் கழற்றாமல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, சாதீத் தட்தட் ஹோதய்" என்றான்.

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று அர்த்தம். அவளுக்கு அது அந்த நொடியிலேயே புரிந்தது. மாமி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் தெரிந்தது. செண்பகவல்லி நிமிராமல் ஊசியில் நூல் கோத்தாள்.

"அம்மா" என்று அவன் மறுபடி கூப்பிட்டான்.

"யாரோ கூப்பிடுத மாதிரி இருக்கு மாமி, உங்களுக்கு எதும் கேக்கா?" என்றாள், மாமியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

அவன் யோசித்தான். "நெஞ்சுல..." என்று ஆரம்பித்தான். "நெஞ்சுல வந்து..." வலிக்கிறது என்றால் அவனுக்குச் சொல்லத் தெரியும். ஆனால் அது வலி இல்லை. அதற்குமேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. மாமி வேறு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சப்பட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு, பூட்ஸை எடுத்துக்கொண்டு பந்து விளையாடப் போனான்.

"என்ன கண்டிப்பு! கொழந்தைகள இப்படின்னா வளக்கணும்" என்றாள் மாமி.

செண்பகவல்லிக்கு அந்தப் பாராட்டு இனித்தது. அந்த இனிப்பைத்தான் இன்றுவரை அவளால் துப்ப முடியவில்லை.

மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே அவன் குப்புற விழுந்தான். கூட விளையாடிய பிள்ளைகள் நடிக்கிறான் என்று நினைத்தார்கள். யாரோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துபோயிருந்தது. பிறவியிலேயே இதயத்துத் தசை தடித்திருந்ததாம். வெளியே தெரியாதாம். பெரிய டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, பையன் எப்போதாவது படபடப்பு, தலைசுற்றல் என்று ஏதும் சொன்னதுண்டா என்று இந்தியில் கேட்டார். கோமதிநாயகம் இல்லை என்று தலையாட்டினான். அவனுக்குத் தெரிந்ததை அவன் சொன்னான். செண்பகவல்லியும் தலையாட்டினாள்.

இது குடும்பத்தில் வரக்கூடிய வியாதி, தங்கையையும் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தார்கள். வைஷுவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பின்னாலும் வரலாம், அதனால் வருஷத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும், நடுவில் பிள்ளை என்ன சொன்னாலும் அலட்சியம் பண்ணாமல் உடனே கூட்டிவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். என்ன சொன்னாலும் என்ற அந்தச் சொல் அவளை ஓங்கி அடித்தது.

பிள்ளை போன வீட்டில் அழுகைக்கு ஒரு முறை உண்டு. சொந்தம் வரும், அழும், சாப்பிடும், போகும். அதற்கப்புறம்தான் உண்மையான துக்கம் தொடங்குகிறது. கோமதிநாயகத்துக்கு அது பந்தின் மீது விழுந்தது. பையனை மைதானத்தில் சேர்த்துவிட்டவன் அவன்தான். வேலை முடிந்து வருகிற வழியில் ஓரமாக சைக்கிளை நிறுத்தி, "ஓடுல, இன்னும் வேகமா ஓடு" என்று கத்தியவனும் அவன்தான். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. சுற்றிக்கொண்டு பெரிய ரோடு வழியாக வருகிறான். தொலைக்காட்சியில் பந்து உருண்டால் எழுந்துபோய் முகம் கழுவுவான். "நாந்தான் செண்பா அவன ஓட விட்டேன்" என்று சாப்பாட்டின் நடுவில் சொல்லுவான்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்பாள் அவள்.

அவ்வளவுதான் சொல்லுவாள். அதற்கு அடுத்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வரும். அவன் தட்டில் கையை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பான். ஆறுதலாக இன்னும் ஏதாவது சொல்ல மாட்டாளா என்று எதிர்பார்ப்பான் போல. அவள் எழுந்துபோய் ரசத்தைச் சூடு பண்ணுவாள். தன் பாவத்தை ஒருவன் தூக்கிக்கொண்டு நடக்கிறான், அவனுக்கு முதுகு வளைகிறது, தான் கையை வீசிக்கொண்டு பின்னால் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அவனும் வெறுத்துவிட்டால் எங்கே போவது என்ற பயம். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைத்து என்ன செய்ய?

வகுப்பை விட்டுவிட்டாள். உடம்பு முடியவில்லை என்றாள், யாரும் வற்புறுத்தவில்லை. வீட்டுச் சட்டமும் சத்தமில்லாமல் செத்தது. அவளே வேண்டுமென்று வீட்டுக்குள் இந்தி பேசினாள், மராத்தி பேசினாள். கோமதிநாயகம் மறுபடி வாளியைப் பால்டி என்றான். அவள் காதில் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்.

வைஷுதான் கேட்கவில்லை. அண்ணன் போனபோது அவளுக்கு ஏழு வயது. முன்பெல்லாம் வாய்க்கு வந்த மொழியில் சளசளவென்று பேசிவிட்டு, அம்மா காது கேட்காததுபோல இருப்பதைப் பார்த்துச் சிரித்து, பிறகு தமிழுக்கு வருகிறவள். இப்போது படி தாண்டி உள்ளே வந்தால் ஒரு சொல் பிசகுவதில்லை. தெரியாத வார்த்தை வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, "அம்மா, இதுக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் மேலே பேசுவாள். கேட்பதும் விசித்திரமாக இருக்கும். காதுக்குள் சத்தம் கேட்டால் என்ன சொல்லணும்? இரைச்சல். சாப்பிட்டது மேலே வருகிற மாதிரி இருந்தால்? குமட்டல். எழுந்திருக்கும்போது கண்ணுக்கு முன்னால் கறுப்பாக வந்தால்? இருட்டிக்கிட்டு வருது.

"உனக்கு அப்படி வருதாட்டி?" என்று செண்பகவல்லி பதறிப்போய்க் கேட்பாள்.

"இல்லம்மா. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

அண்ணன் இல்லாத குறைக்கு அம்மாவைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கிறது, பாவம், என்று அவள் நினைத்துக்கொண்டாள். "வீட்டுல எதுல வேணாலும் பேசுடி" என்று பலமுறை சொல்லிப்பார்த்தாள். பிள்ளை தலையாட்டிவிட்டுத் தமிழிலேயே பேசியது. அந்த நல்ல தமிழ் ஒவ்வொரு தடவை காதில் விழும்போதும் அவளுக்கு உடம்பு கூசியது.

இந்த வருஷம் சாவித்ரி மாமி மறுபடி வந்தாள். ஆண்டு விழாவில் வைஷு பேச வேண்டும், தாய்மொழி என்ற தலைப்பு, வேறு எந்தக் குழந்தைக்கும் இந்த அழகு வராது என்றாள். காப்பியை வாங்கிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து, "உங்காத்துச் சட்டத்தப் பத்தி நான் போற எடத்துல எல்லாம் சொல்லிண்டிருக்கேன், செண்பகம். தமிழ்ல பேசினாத்தான் காது கேக்கும்! நானே கண்ணால பாத்திருக்கேனே, அந்தப் புள்ளையாண்டான் எப்படி முழிச்சுண்டு நின்னான்!" என்று சிரித்தாள்.

சிரித்த பிறகு, இறந்துபோன பிள்ளையைப் பற்றிப் பேசிவிட்டோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வருத்தம் சொன்னாள். ஆனால் அது அவன் செத்த அதே நாள் என்பது அவளுக்கு நினைவில்லை. செண்பகவல்லி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். கள்ளம் கபடு ஒன்றும் இல்லை. வெகுளியாக மூன்று வருஷமாக ஊரெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. தானே கொடுத்த வேடிக்கையைத்தானே அவள் பார்த்தாள்?

"அவ பேசல மாமி" என்றாள்.

"நான் பேசுதேன்" என்றது உள்ளறையிலிருந்து வைஷுவின் குரல்.

"வேண்டாம்னா வேண்டாம்" என்று செண்பகவல்லி போட்ட சத்தத்தில் மாமி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அடுத்த வாரமே வருஷாந்திர சோதனை வந்தது. கேம்ப் என்கிற பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டுவது வழக்கம். கோமதிநாயகம் அரை நாள் லீவு போட்டான். மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். வைஷு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வந்தாள். வழக்கமாகக் கேட்கிற ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டைக்கூடக் கேட்கவில்லை.

டாக்டரம்மா மராத்திக்காரர், நல்ல மாதிரி. பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்து, குழாயை நெஞ்சில் வைத்துக்கொண்டே, "சாங் பாளா, சக்கர் யேதெ கா? தட்தட் ஹோதெ கா?" என்று கேட்டார். தலை சுற்றுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, சொல்லம்மா என்று.

வைஷு பதில் சொல்லவில்லை. மராத்தியில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற பிள்ளை, காது கேட்காததுபோல டாக்டரைத் தாண்டி அம்மாவைப் பார்த்தது. டாக்டர் மறுபடி கேட்டார். பிள்ளையின் உதடு மட்டும் அசைந்தது.

"அம்மா" என்றாள் மெதுவாக. "நெஞ்சு ஒரு தடவ அடிக்காம விட்டுட்டு, அடுத்தது மட்டும் தொம்முனு விழுந்தா, அதுக்கு என்ன சொல்லணும்?"

செண்பகவல்லி கட்டிலை நெருங்கிக் குனிந்தாள். "சும்மா கேக்கியா, உனக்கு வருதா?"

"வருது."

"எப்ப இருந்து?"

"ஸ்கூல் தொறந்ததுல இருந்து. எப்பவாச்சும்."

"இத்தன நாளு ஏன்ட்டி சொல்லல?" என்று அருகில் நின்ற கோமதிநாயகம் அதட்டினான். பயத்தில் வந்த அதட்டல்.

"வார்த்த கெடைக்கலப்பா. படபடப்புன்னு தெரியும். ஆனா இது அது இல்ல. தப்பாச் சொல்லிட்டா அம்மாக்குக் கேக்காதுல்ல." பிள்ளை எழுந்து உட்கார்ந்துகொண்டது. கண் நிறைந்துவிட்டது. "அண்ணன் மராத்தில சொன்னான். அன்னைக்கு நான் மிஷினுக்குக் கீழதான் இருந்தேன், துண்டுத்துணி பொறுக்கிக்கிட்டு. தட்தட் ஹோதய்னு சொன்னான். அம்மாக்குக் காது கேக்கல. அதான செத்துப்போனான்?"

அந்த அறையில் தமிழ் தெரியாதவர் டாக்டர் ஒருவர்தான். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டார். கோமதிநாயகம் செண்பகவல்லியைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் இன்னும் கோபம் வரவில்லை. சொன்னது புரிந்து, நம்ப முடியாமல் நின்றான்.

செண்பகவல்லி சொன்னாள். முதலில் வைஷுவுக்கு என்ன செய்கிறது என்பதை மராத்தியில் ஒன்று விடாமல் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம், டாக்டருக்கு அது போதும். ஆனால் ஒரு டாக்டர் கேட்ட கேள்விக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்ன பொய் ஒன்று பாக்கி இருந்தது. மூத்தவனும் சொன்னான் டாக்டர், என்றாள். விழுந்த அன்றைக்கு மத்தியானம், விளையாடப் போவதற்கு முன்னால், நெஞ்சு தட்தட்டென்கிறது என்று என்னிடம் வந்து சொன்னான். எனக்குப் புரிந்தது. புரியாததுபோல உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு தன் வேலையைப் பார்த்தார். பிள்ளைக்கு எல்லாச் சோதனையும் மறுபடி எடுத்தார், அண்ணனுக்கு இருந்த தடிப்பு இவளுக்கு இல்லை என்றார். இப்படி அடி தவறுவது பல பிள்ளைகளுக்கு உண்டு, பெரும்பாலும் பயமில்லை, இருந்தாலும் துடிப்பைக் குறித்துவைக்கிற ஒரு சின்னக் கருவியை நெஞ்சில் ஒட்டிவிடுகிறேன், நாளைவரை கழற்றக் கூடாது என்றார். கோமதிநாயகம் வறண்ட குரலில் கேட்டான்: அன்றைக்கே மூத்தவனைக் கூட்டிவந்திருந்தால்? சொல்ல முடியாது, என்றார் அவர். பிழைத்திருக்கவும் கூடும், பிழைக்காமலும் போயிருக்கக் கூடும். பொய்யாக ஒரு ஆறுதலாவது சொல்லுவார் என்று செண்பகவல்லி ஒரு கணம் ஏங்கினாள். அவர் சொல்லவில்லை.

கருவி ஒட்டுவதற்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வைஷு, அம்மாக்கு அன்னைக்குக் காது கேட்டுது. அண்ணன் சொன்னது நல்லாக் கேட்டுது. நீ எதுல சொன்னாலும் எனக்குக் கேக்கும். எப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்ப ஏன் கேக்காத மாதிரி இருந்த?"

"மாமி முன்னால... பெருமைக்குத்தான்."

"உனக்குக் கேட்டுச்சுன்னு அண்ணனுக்குத் தெரியுமா?"

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். தெரியும், அது விளையாட்டென்று அவனுக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாம். ஆனால் கூச்சத்தோடு திரும்பிய அந்த முகம்தான் முன்னால் வந்து நின்றது. "தெரியலட்டி" என்றாள். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக நாலு பேர் பார்க்க வாய்விட்டு அழுதாள். நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கோமதிநாயகம் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு எங்கேயோ பார்த்தான்.

திரும்பும்போது அவன் தனி சீட்டில் உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. வைஷு உள்ளறையில் பாயை விரித்து வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்த பிறகு, சமையற்கட்டு வாசலில் வந்து நின்றான். விளக்கு வைக்கிற நேரம். வெளியே லோக்கல் ரயில் ஒன்று தடதடத்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை நின்றான்.

"ஏளா" என்றான். "பந்துனாலே நான் எந்திரிச்சுப் போயிருதேன். சாவுற வரைக்கும் எம் புள்ளய நாந்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன். நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"ஆமா."

"தெனம் பாத்துக்கிட்டு இருந்த."

"ஆமாங்க."

"அவன் சொன்னதக் கேக்காததக் கூட விட்டுருதேன். எந்த வீட்டுலதான் புள்ள சொல்லுததெல்லாம் கேக்காங்க? ஆனா இது..." அவன் நிலையைப் பிடித்துக்கொண்டான். "என்ன ஏன் அப்படியே நெனைக்க விட்டுக்கிட்டு இருந்த?"

நீங்களும் போய்விடுவீர்கள் என்று பயந்தேன் என்று சொல்லலாம். அது நிஜம்தான். ஆனால் நிஜமாக இருந்தால் மட்டும் போதுமா? கேட்கிறவனுக்கு அது ஒரு பதிலாகவாவது இருக்க வேண்டாமா? அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அடிப்பதென்றால் அடிக்கட்டும், போவதென்றால் போகட்டும் என்று அவன் முன்னால் நின்றாள்.

அப்போது உள்ளறையிலிருந்து வைஷு கூப்பிட்டாள்.

"ஆயி! பாபா! பாயாலா முங்க்யா ஆல்யா!"

வேறொன்றும் இல்லை. சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போய்விட்டதாம். மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளை வீட்டுக்குள் பேசிய முதல் மராத்தி. சோதித்துப் பார்த்தாளோ, வாய் தவறி வந்ததோ, அது அவளுக்குத்தான் தெரியும். ஆனால் பெற்றவர்கள் இரண்டு பேரும் ஓடிய ஓட்டத்தில் வாசலில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். கோமதிநாயகத்தின் முழங்கை நிலையில் பட்டு ரத்தம் துளிர்த்தது. அவன் கவனிக்கவில்லை.

"குட்ல்யா பாயாலா?" எந்தக் கால் என்று கேட்டுக்கொண்டே செண்பகவல்லி கீழே உட்கார்ந்தாள்.

பிள்ளை பயந்துபோய் இடது காலை நீட்டியது. அவள் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தாள். கோமதிநாயகம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கருவியின் ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். மனைவியின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வைஷு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, மராத்தியிலேயே, பல் ஒன்று ஆடுகிறது என்றாள். எங்கே காட்டு என்றான் அப்பன். காட்டினாள். போன மழைக்காலத்தில் காது வலித்தது என்றாள். எந்தக் காது என்றாள் அம்மா. அது சரியாகிவிட்டது என்றாள். பள்ளிக்கூடத்தில் படியில் விழுந்து முட்டி பெயர்ந்ததை நீளப் பாவாடையால் மறைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். ஒருநாள் பிரார்த்தனையின்போது கண் இருட்டி, கீழே விழாமல் பக்கத்தில் நின்றவள் தோளைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னாள். ராத்திரியில் கால் குடைந்தது, யாரையும் எழுப்பாமல் தானே பிடித்துவிட்டுக்கொண்டது, விரல் சந்தில் எரிந்தது, விழுங்கும்போது உள்ளே குத்தியது, இன்னும் எதை எதையோ, முன்னுக்குப் பின்னாக, தடுக்க ஆளில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். செண்பகவல்லி அந்தச் சின்னக் காலை விடாமல் பிடித்துக்கொண்டு, "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் நடந்தது போக மற்றதெல்லாம் இந்தச் சின்ன வீட்டுக்குள்ளேதான், அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நடந்திருந்தது.